வாசலில் கட்டிய வேப்பங்கொத்து

அத்தியாயம் 11

மொட்டைத் தலையோடு மதுரையில் நடந்தால் எதிரில் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “எந்தக் கோயில்?” என்பதுதான். பழனியா, திருப்பதியா, குலசாமிக்கா என்று பதிலையும் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். நான் “பெரியாஸ்பத்திரி” என்பேன். அதையும் ஏதோ புதிதாகக் கிளம்பிய சாமி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஒருவர் பிரசாதம் கேட்டார். கைவசம் மாத்திரைதான் இருந்தது; கொடுக்க மனம் வரவில்லை.

இந்தக் கதையில் நீங்கள் இந்த வாரம்தான் ஏறியிருந்தால் படியில் தொங்க வேண்டாம். உள்ளே வாருங்கள், கொஞ்சம் இடம் பண்ணித் தருகிறேன். அது என் தொழில்.

நான் கருத்தக்கண்ணன். டவுன் பஸ் கண்டக்டர். மனைவி அன்னக்கொடியோடு கோச்சடையில் குடியிருக்கிறேன். போன கார்த்திகையில் என் கழுத்தில் நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி வந்தது. நெறி கட்டியிருக்கிறது என்று பத்துப் போட்டேன். அது துணைக்கு இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் ஒன்றை அறுத்து எடுத்துச் சோதித்துவிட்டு, லிம்போமா என்றார் டாக்டர் ஹாலாஸ்யம். பேரைக் கேட்டால் ஏதோ வெளிநாட்டுப் பலகாரம் மாதிரி இருந்தது. புற்றுநோயில் அது ஒரு வகையாம்.

“இதுல கத்தி வச்சுப் பிரயோஜனம் இல்லை. உடம்பு பூரா சுத்தற வியாதி. மருந்தும் உடம்பு பூரா சுத்தணும்,” என்றார் டாக்டர். “ஆனா ஒண்ணு, மருந்துக்கு மசியற வியாதி. தைரியமா இருங்கோ.”

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி. இதுவரை மூன்று தடவை ஏற்றியாகிவிட்டது.

மருந்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு வேலை செய்யத் தெரியும். எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியாது. எங்கள் டிப்போவில் அப்படி ஒரு டிரைவர் உண்டு.

முதல் ஊசி போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்துத் தெருவே கூடுகிற மாதிரி அலறினேன். அது மருந்தின் நிறம், ரத்தமில்லை என்று அன்னக்கொடி வாசலில் நின்று கூடியவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அப்புறம் ஒரு நாள் நான் எழுந்துகொண்டேன். முடி தலையணையிலேயே தங்கிவிட்டது. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஓடுகிற பஸ்ஸில் ஒற்றைக் கையால் டிக்கெட் கிழித்த விரல்களுக்குச் சட்டைப் பித்தான் அகப்படவில்லை. ஊசியோடு சேர்த்து விழுங்கச் சொன்ன மாத்திரை யானைப்பசியைக் கொண்டுவந்தது. மாத்திரையை நிறுத்தியதும் பசி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டது. குமட்டல் மட்டும் கடைசி ஸ்டாப் வரை கூடவே வந்தது.

இத்தனையையும் நான் அனுபவித்தேன். அது ஒரு பெரிய காரியமில்லை, படுத்திருந்தால் போதும். சமாளித்தவள் அன்னக்கொடி. மூத்திரப்பை புண்ணாகாமல் இருக்க ஊசி போட்ட நாட்களில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சிஸ்டர் பாண்டியம்மாள் சொன்னார். அன்றிலிருந்து நான் கண்ணைத் திறந்தபோதெல்லாம் எதிரில் ஒரு சொம்பு நின்றது. வாந்திக்கு முந்திக்கொண்டு வாயில் பொரியைத் திணிப்பாள். வாய் புண்ணாகும் முன்பே உப்புத் தண்ணீரோடு நிற்பாள். எனக்கு அடுத்து என்ன வரும் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். காது மட்டும் என் கட்டிலில் இருக்கும்.

டாக்டர் ஒரு விஷயத்தில் மட்டும் எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்திருந்தார்.

“ரத்தத்துல வெள்ளை அணுன்னு உண்டு. கண்டக்டருக்குப் புரியற மாதிரி சொல்றேன். அதுதான் செக்கிங் இன்ஸ்பெக்டர். கிருமி ஏறினா கழுத்தைப் பிடிச்சு இறக்கி விட்டுடும். இந்த மருந்து கட்டியையும் அடிக்கும், இன்ஸ்பெக்டரையும் அடிக்கும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆகறப்போ ரோட்ல ஒரு இன்ஸ்பெக்டர்கூட இருக்க மாட்டார். அப்போ எந்தக் கிருமியும் ஓசியில ஏறிடும். அந்த நாள்ல ஜுரம் வந்தா குளிச்சுட்டு வரேன், நல்ல நேரம் பார்த்து வரேன்னு நிக்கப்படாது. அந்த க்ஷணமே இங்க வரணும். அரை நாள் தாமதிச்சாலும் கைமீறிப் போயிடும்.”

ஆட்களை நெருங்க விடக் கூடாது என்றும் சொன்னார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கீழக்குயில்குடியிலிருந்தும் சுற்றுப்பட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் சாத்துக்குடியோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் போனால் பார்த்ததாகவே கணக்கில்லை. கன்னத்தைத் தடவினார்கள். தலையைத் தடவினார்கள், வழுக்கியது, அதனால் இன்னொரு தடவை தடவினார்கள். ஒரு சித்தி என்மேல் உள்ள பாசத்தில் என் முகத்துக்கு நேராகவே தும்மினாள்.

“சின்னத்தை, டாக்டரு ஆளுக கிட்ட வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு...” என்று அன்னக்கொடி கெஞ்சிப் பார்த்தாள்.

“நான் என்ன ஆளா? நான் தூக்கி வளத்த புள்ள இவன். நேத்து வந்த டாக்டரு, எங்க ரத்தத்துக்குக் குறுக்க நிப்பாரோ?” என்று சித்தி கோபித்துக்கொண்டாள். கோபத்திலும் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போனாள்.

அதற்கு அப்புறம்தான் அன்னக்கொடி அதைச் செய்தாள். மூன்றாவது ஊசி போட்ட அடுத்த வாரம், ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வந்து வாசல் நிலைக்கு மேலே கட்டினாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை; பேச வேண்டியதுமில்லை. வேப்பிலை கட்டிய வாசல் என்றால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். எப்பேர்ப்பட்ட உறவும் அந்த நிலையைத் தாண்டாது. சித்தியின் அடுத்த சாத்துக்குடி தெருமுனையோடு திரும்பிப் போனது.

“ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்ற மாதிரி ஆகாதா?” என்றேன்.

“நான் என்னத்தச் சொன்னேன்? இலையக் கட்டுனேன். அவங்களா நெனச்சுக்கிட்டா நானா பொறுப்பு?”

ஆனால் கட்டும்போது அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். மன்னிப்பை முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டாள். எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை அன்னக்கொடி. அன்றோடு வீட்டில் தாளிப்பையும் நிறுத்திவிட்டாள். அம்மை போட்ட வீட்டில் எண்ணெய் காயக் கூடாதே. பக்கத்து வீட்டு ஜெயக்கொடியின் மூக்கு சுவர் தாண்டி வரும். ஏற்கெனவே நாக்கில் தகரம் ஒட்டின மாதிரி இருந்த எனக்குத் தாளிக்காத குழம்பு. வியாதி எனக்கு, பத்தியம் அவள் சொல்லாத பொய்க்கு.

இப்படியாக நாங்கள் நிம்மதியாக இருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்தது.

காபி கசந்தது. அது தினமும் கசப்பதுதான். ஆனால் டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. அன்னக்கொடி தெர்மாமீட்டரை உதறி என் அக்குளில் வைத்தாள். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரலால் உருட்டினாள். பாதரசக் கோடு ஒரே ஒரு கோணத்தில்தான் கண்ணில் படும். எனக்கு இன்றைக்கு வரை பட்டதில்லை. சிஸ்டர் அவளுக்கு ஒரு தடவை காட்டினார், பிடித்துக்கொண்டாள்.

“எம்புட்டு?”

“நூத்திரெண்டுக்குப் பக்கத்துல நிக்குது.”

“சித்திர வெயிலுல்ல. தெர்மாமீட்டருக்கே காய்ச்சலா இருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. கொடியிலிருந்து என் சட்டையை எடுத்தாள்.

“ஒரு மாத்திரையப் போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் பாப்பமே?” என்றேன்.

“மாத்திரைக்குக் காய்ச்சல் மறையும். கிருமி மறையுமா? கையத் தூக்குங்க.” பித்தான்களை மளமளவென்று போட்டுவிட்டாள். “நான் போய் ஆட்டோ கூட்டியாறேன். படுக்காதீங்க. படுத்தா நீங்க எந்திரிக்க மாட்டீங்க.”

தெருமுனை ஸ்டாண்டிலிருந்து கண்ணுச்சாமியின் ஆட்டோ கடகடவென்று வாசல் வரைக்கும் வந்தது. நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுச்சாமி நிலையைப் பார்த்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான். அதே கையால் ஹேண்டிலைத் திருப்பினான்.

“யக்கா, ஆத்தா இருக்கிற வீட்டுல இருந்தா ஆஸ்பத்திரிக்கு ஆளு ஏத்தச் சொல்றீங்க? என் வண்டி வெளங்குமா?”

“ஆத்தா இல்ல தம்பி. சும்மா நாந்தான் கட்டுனேன்.”

“அய்யய்யோ! அப்படிப் பேசாதீங்கக்கா. வாயில போட்டுக்கங்க!” என்று தன் வாயில் போட்டுக்கொண்டு, ஆட்டோவோடு மறைந்துவிட்டான்.

அன்னக்கொடி தெருவில் தனியாக நின்றாள். வருகிறவர்களைத் தடுக்கக் கட்டிய கொத்து இப்போது போகிறவர்களையும் தடுத்தது. அவளுக்கு அது புரிந்த நொடியை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் அண்ணன் பேயாண்டி வந்து சேர்ந்தான்.

அண்ணன் கீழக்குயில்குடியில் விவசாயம். மீசையைப் பார்த்தால் காளை ஒதுங்கும். சைக்கிள் ஹேண்டிலின் இரண்டு பக்கமும் இளநீர்க் குலை தொங்கியது. தம்பிக்கு அம்மை என்று கேள்விப்பட்டு, ஆத்தாவைக் குளிர வைக்க வெயிலுக்கு முன்னால் கிளம்பி வந்திருக்கிறான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். புருஷனுடைய அண்ணன் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசவும் கூடாது. அண்ணன் வந்தால் அன்னக்கொடி கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவள் என்னிடம் சொல்வாள், நான் அண்ணனிடம் சொல்வேன். அண்ணன் என்னிடம் சொல்வான், நான் அவளிடம் சொல்வேன். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் இதேதான். கல்யாணமான நாளிலிருந்து நான் வீட்டிலும் கண்டக்டர்தான்.

“உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு,” என்று கதவு பேசியது.

“அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்.”

“என்னாது? ஆத்தா வந்திருக்கிறப்ப ஊசியா? செவ்வாக்கெழம வேற!” என்றான் அண்ணன். “கிறுக்குப் புடிச்சிருக்கா உங்களுக்கு?”

“இது அம்மை இல்லன்னு சொல்லுங்க. ஆளுக வரக் கூடாதுன்னு நாந்தான் இலையக் கட்டுனேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். அண்ணன் வாயடைத்துப் போவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“அவ கட்டுனாளாமா? சரி. அவளுக்குக் கட்டணும்னு தோண வச்சது ஆருன்னு கேளு. பொய்யாக் கட்டுனேங்கிறா. காய்ச்சல் மெய்யா வந்திருச்சுல்ல? அதுக்கு என்ன சொல்றான்னு கேளு.”

பல வருஷம் பயணிகளோடு வாதாடிப் பழகியவன் நான். இப்படி ஒரு வாதத்தை எந்தப் பயணியும் வைத்ததில்லை.

அண்ணனை மூடன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அவனுக்கும் நடுவில் சுருளி என்று ஒருத்தன் இருந்தான். சின்ன வயதில் அவனுக்கு அம்மை போட்டது. ஊசி போட்டால் சரியாகும் என்று தூக்கிக்கொண்டு ஓடியவன் பேயாண்டி அண்ணன்தான். சுருளி திரும்பி வரவில்லை. அன்றைக்கு முடிவு செய்தான்: ஆத்தாவை இனிமேல் சீண்டுவதில்லை. இப்போது அவன் வாசலை மறித்து நின்றது அதிகாரத்தில் இல்லை. பயத்தில்.

“அண்ணே...” என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் முடியவில்லை. குளிர் ஏறிவிட்டது. பல்லோடு பல் அடித்தது. உட்கார்ந்திருந்த கட்டில் என்னோடு சேர்ந்து ஆடியது. ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

கதவு திறந்தது.

அன்னக்கொடி அண்ணனுக்கு நேரெதிரே வந்து நின்றாள்.

“அத்தான்,” என்றாள். அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் சொல் அது. “நீங்க சொல்றபடியே வச்சுக்குவோம். ஆத்தாதான் வந்திருக்கா. என் வீட்டுக்கு எதுக்கு வந்தா? என் தாலிய வாங்கவா? வாங்க வந்தவன்னா அவ ஆத்தா இல்ல. காக்க வந்தவன்னா, ஆஸ்பத்திரிக்கும் கூட வரட்டும். அங்க வந்து காக்க மாட்டாளா?”

அண்ணனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இளநீரைப் பார்த்தான்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கொத்தை அவிழ்த்தாள். பிய்க்கவில்லை, எறியவில்லை. கைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையிலும் வாங்கினாள்.

“நான் அவளை வெளிய அனுப்பல. கூட்டிட்டுப் போறேன்.”

எனக்குப் போர்வையைச் சுற்றினாள். மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஒரு துண்டைக் கட்டினாள். என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அண்ணன் ஒதுங்கினான். சம்மதித்து ஒதுங்கினானா, தம்பி பெண்டாட்டி மேலே பட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கினானா, அந்தச் சாமிக்குத்தான் தெரியும்.

மெயின் ரோட்டில் பஸ் வந்தது. என் பஸ். அதாவது நான் சீக்கில் படுக்கும் வரை வேலை பார்த்த பஸ். டிரைவர் முத்திருளன், கண்டக்டர் எனக்குப் பதிலாக வந்திருக்கிற சோணைமுத்து. காலை நேரம், உள்ளே எள் விழ இடமில்லை. படியில் நாலு பேர் தொங்கினார்கள்.

அன்னக்கொடியின் கை என் இடுப்பில் இறுகியது. கூட்டத்துக்குள் என்னைக் கொண்டு போகக் கூடாது. கொண்டு போகாமலும் இருக்க முடியாது. ஒரு கணம்தான் யோசித்தாள். முன் படியில் காலை வைத்தாள்.

முதலில் ஒரு பூக்காரம்மா கொத்தைப் பார்த்தாள். அப்புறம் போர்வையைப் பார்த்தாள். “தாயே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பூக்கூடையோடு பின்படி வழியாக இறங்கினாள். “அம்மை போட்ட ஆளு ஏறுதுப்பா” என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் நடந்ததை நான் காய்ச்சலில் கண்ட கனவு என்றே சொல்லியிருப்பேன். சாட்சிக்கு முத்திருளன் இருக்கிறான். ஆபீஸ்காரர்கள் இறங்கினார்கள். காலேஜ் பெண்கள் இறங்கினார்கள். ஜன்னலோர சீட்டுக்காக டெர்மினசிலிருந்து ஏறி வந்த பெரியவர் இறங்கினார். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. சாமி ஊர்வலத்துக்கு வழி விடுகிற மாதிரி ஓரமாக நின்று கும்பிட்டார்கள். ஒரு அம்மா என் போர்வை மடிப்பில் ஒரு காசைக் கூடச் செருகினாள். இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் காசு வாங்கியிருக்கிறேன். காணிக்கையாக வாங்கியது அன்றைக்குத்தான்.

மதுரையில் காலை ஒன்பது மணிக்கு டவுன் பஸ் காலியாகி, அதைக் கண்ணால் பார்த்த கண்டக்டர் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

“மன்னிச்சுக்கங்க எல்லாரும்,” என்று அன்னக்கொடி படியிலிருந்தே கும்பிட்டாள். அவர்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

“மாப்ள, என்னடா இது கோலம்?” முத்திருளன் திரும்பிப் பார்த்தான். அன்னக்கொடி இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அம்மை இல்லை என்றும் சொன்னாள். அவன் வேப்பங்கொத்தைப் பார்த்தான், காலி பஸ்ஸைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான்.

“யாத்தே!” என்றான். “தங்கச்சி, நீ போலீஸ்ல இருக்க வேண்டிய ஆளும்மா.” கியரைத் தட்டினான். “ஏலே சோணை, விசில ஊது. இடையில ஸ்டாப்பு கெடையாது. நேரா பெரியாஸ்பத்திரிதான். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

“டிக்கெட்டக் குடுறா முதல்ல,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. “செக்கிங் ஏறுனா எனக்குக் கேவலம்.”

சோணைமுத்து கொடுத்தான். கிழித்த லட்சணத்தைப் பார்த்து எனக்கு ஒரு டிகிரி கூடியது.

யானைக்கல் பாலத்தில் ஏறும்போது நினைவு மங்கியது. வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் யாரோ ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அன்னக்கொடி என் மரத்துப்போன விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். என் விரல்களுக்கு அது தெரியவில்லை, பார்த்ததால் சொல்கிறேன்.

டாக்டர் ஹாலாஸ்யம் எதையும் கேட்கவில்லை. அன்னக்கொடி “ஊசி போட்டுப் பத்து நாளு ஆச்சு, நூத்திரெண்டு காய்ச்சல், குளிரு” என்றாள். அவ்வளவுதான். வார்டின் கடைசியில் இருந்த தனி அறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு கையில் ரத்தம் எடுத்தார்கள், மறு கையில் பாட்டிலை ஏற்றினார்கள். அறைக்குள் இலை தழை ஆகாது என்று சிஸ்டர் பாண்டியம்மாள் வேப்பங்கொத்தை வெளியே வைக்கச் சொன்னார்.

“இது என்ன?” என்றார் டாக்டர். அன்னக்கொடி தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் வாய் வலிக்கச் சொல்லியும் இந்த வார்டுல விசிட்டரை நிறுத்த முடியலை. எனக்கும் ஒரு கொத்து கட்டித் தரேளா?”

மத்தியானத்துக்குள் குளிர் அடங்கியது. வியர்த்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். “ரோட்ல ஒரு இன்ஸ்பெக்டர்கூட இல்லை,” என்றார் கடைசியில். “சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்னு உக்காந்திருந்தா, நான் இப்போ இவர்கிட்டப் பேசிண்டிருக்க மாட்டேன். அழைச்சுண்டு வந்தது நீங்கதான். எங்க மருந்து அதுக்கு அப்புறம்தான்.”

அன்னக்கொடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாராட்டு அவளுக்குப் புது இடம். எங்கே உட்காருவதென்று தெரியவில்லை.

அப்புறம் டாக்டர் என் கழுத்தில் கையை வைத்தார். காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தடவிக்கொண்டு வந்தவர் கை, ஓரிடத்தில் நின்றது. அடுத்த பக்கம் போனது. அக்குளுக்குப் போனது. திரும்பக் கழுத்துக்கே வந்தது.

“இங்க இருந்தது எங்கே?” என்றார்.

“நான் எடுக்கல சார்,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன். “கட்டி தட்டுப்படலை. ஒண்ணுகூட. மருந்து அதோட வேலையைப் பண்ணியிருக்கு.” உடனே சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். “ஆனா வெளியே தட்டுப்படலைன்னா உள்ளே இல்லைன்னு அர்த்தமில்லை. இன்னும் ஊசி பாக்கி இருக்கு. இப்போ ஒரு விஷயம் கேக்கணும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற டாக்டரைக் கண்டால் எனக்குப் பயம்.

“ரத்தம் தேறின பிறகுதான் அடுத்த ஊசி. அதுல ரெண்டு வழி இருக்கு. அளவைக் குறைச்சுப் போடலாம். இன்னிக்கு மாதிரி ஆபத்து குறையும். ஆனா வியாதிக்கும் மூச்சு விட இடம் கிடைச்சுடும். இல்லேன்னா முழு அளவே போடலாம். வியாதியை அடியோட ஒழிக்க அதுதான் நல்ல வழி. ஆனா இன்னிக்கு மாதிரி இன்னொரு நாள் வரலாம். அன்னிக்கும் நேரத்துக்கு வந்து சேருவேள்னு யார் ஜவாப்தாரி?”

டாக்டர் அன்னக்கொடியைப் பார்த்தார். நானும் அவளைத்தான் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் முடிவு என்பது அந்தத் திசையிலிருந்துதான் வரும்.

“அவரு சொல்லட்டும் டாக்டர்,” என்றாள். “மருந்து ஏறுறது அவரு உடம்புல. வேதனை அவருக்கு. நான் சொல்லக் கூடாது.”

சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து எனக்குச் சட்டை போட்டு, அண்ணனை ஒதுக்கி, ஒரு பஸ்ஸையே காலி பண்ணியவள், இதை மட்டும் என் மடியில் இறக்கிவிட்டுப் போகிறாளே! டாக்டர் “யோசிச்சுச் சொல்லுங்கோ” என்று தோளைத் தொட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக வராந்தா தெரிந்தது. அங்கே ஒரு பெஞ்சு. பெஞ்சின் ஒரு ஓரத்தில் பேயாண்டி அண்ணன். கோச்சடையிலிருந்து வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே வந்திருக்கிறான். வேப்பங்கொத்தை யாரோ அவன் கையில் கொடுத்திருந்தார்கள். கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்னக்கொடி வழக்கப்படி தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காலுக்குக் கீழே இருந்த தரையை யாரோ உருவிக்கொண்ட மாதிரி, அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுதாள்.

வியாதியின் பேரைக் கேட்ட அன்று அவள் அழவில்லை. என் முடி கொட்டிய அன்று அழவில்லை, பெருக்கி அள்ளினாள். இப்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

அண்ணன் பதறி எழுந்திருக்கப் பார்த்தான். தம்பி பெண்டாட்டிக்குச் சமமாக ஒரே பெஞ்சில் உட்காருவதாவது! பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். திரும்ப உட்கார்ந்தான். தோளிலிருந்து துண்டை எடுத்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, துண்டைப் பெஞ்சின் நடுவில் வைத்து, விரல் நுனியால் அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினான்.

அவள் எடுத்துக்கொண்டாள்.

நான் தலையணையில் சாய்ந்தேன். பாட்டிலில் சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் எதற்கும் ஒரு கேலி கைவசம் இருக்கும். தேடிப் பார்த்தேன்; பை காலி.

“சிஸ்டர்,” என்று கூப்பிட்டேன். “டாக்டரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க.”

பாண்டியம்மாள் ஓடி வந்தார். “என்ன செய்யுது? மறுபடியும் குளிருதா?”

“ஒண்ணும் செய்யல. அவருக்குப் பதில் சொல்லணும். முழு அளவே போடட்டும், ஜவாப்தாரிக ரெண்டு பேரு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க.”